கை எட்டவில்லை என்றால் காலைப் பாருங்கள்

ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடியில் காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லித் தருகிறேன். "மாஸ்டர், ஜாப் எட்டவே மாட்டேங்குது", "ரெண்டாவது ரவுண்டுல கால் கல்லாயிடுது", "அடிச்சதும் முன்னால விழுறேன்" என்று வருகிறவர்கள்தான் அதிகம். (ஜாப் என்றால் முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து.) "என் காலடி சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. காலில் இருக்கும் கோளாறு கையில் தெரியும், மூச்சில் தெரியும், வாங்குகிற அடியில் தெரியும். அதனால் பிள்ளைகள் வாயால் வரும் புகாரையே இங்கே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் புகார் எதுவோ அங்கே நேராகப் போகலாம். போவதற்கு முன் கோலமாவுச் சோதனையை மட்டும் ஒருமுறை செய்துவிடுங்கள். பலருக்கு அதிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

முதலில் கோலமாவு

ஒரு கைப்பிடி கல் கோலமாவு எடுத்து, சொரசொரப்பான சிமென்ட் தரையில் ஒரு கட்டில் அளவு இடத்துக்கு மெல்லியதாகத் தூவுங்கள். அரிசி மாவு வேண்டாம், அரை மணியில் எறும்பு வந்துவிடும். டைல்ஸ் தரையில் இதைச் செய்யவே கூடாது, வழுக்கும்.

வெறுங்காலோடு ஸ்டான்ஸில், அதாவது சண்டைக்கு நிற்கும் நிலையில், நில்லுங்கள். எதிராளி இருக்கும் திசையைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொண்டால், வலதுகைக்காரருக்கு முன்னால் இருக்கும் இடது பாதம் 1 மணியைப் பார்க்கும், பின்னால் இருக்கும் வலது பாதம் 2 மணியைப் பார்க்கும். இடதுகைக்காரருக்கு இது அப்படியே கண்ணாடியில் தெரிவது போல மாறும். இரண்டு பாதத்துக்கும் நடுவே தோள் அகலம். பின்காலின் குதிகால் தரையை விட்டு ஒரு விரல் உயரம் எழும்பியிருக்கட்டும்.

கை எதுவும் வீசாமல், நிதானமாக முன்னால் நான்கு காலடி, பின்னால் நான்கு காலடி, இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு. போகும் திசைக்குப் பக்கத்தில் எந்தக் கால் இருக்கிறதோ அது முதலில் போகும். மற்றது அதே தூரம் பின்தொடரும். முடிந்ததும் வெளியே வந்து தரையைப் படியுங்கள்.

முன்பாதம், அதாவது விரல்களை ஒட்டிய சதைப் பகுதி, மட்டும் பதிந்து, அதன் வாலில் ஒரு கமா போலச் சின்ன இழுப்பு இருந்தால் நல்ல அடி. பின்கால் சாண் கணக்கில் நீளக் கோடு போட்டிருந்தால், அந்தக் கால் உங்களைத் தள்ளவில்லை. நீங்கள்தான் அதை இழுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். பின்குதிகாலின் வட்டம் அழுத்தமாகப் பதிந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிட்டீர்கள் என்று பொருள். இரண்டு பாதமும் ஒரே கோட்டில் விழுந்திருந்தால் கழைக்கூத்தாடி கயிற்றில் நடப்பது போல நடந்திருக்கிறீர்கள், பக்கத்திலிருந்து தோளில் ஒரு தட்டு தட்டினால் சரிந்துவிடுவீர்கள். தடங்களுக்கு இடையிலான தூரம் ஒருமுறை ஒரு சாண், மறுமுறை மூன்று சாண் என்று மாறினால் இரண்டாவது கால் சோம்பல் படுகிறது.

இந்தத் தடங்களுக்கெல்லாம் பின்னால் இருப்பது ஒரே கேள்வி: அடி எடுத்து வைப்பதற்கு முந்தைய நொடியில் உங்கள் உடம்பின் பாரம் எந்தக் காலில் இருந்தது? கீழே வரும் எல்லாப் புகாருக்கும் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

"ஜாப் எட்டவே மாட்டேங்குது"

போன வருடம் ஒரு பெண் வந்தாள். கபடி ஆடியவள், நல்ல உயரம், நீளமான கை. பாதி உயரம் இருக்கிற பையன்கள் அவளைத் தொட்டுவிட்டுப் போவார்கள், அவளால் தொட முடியாது. "கை எல்லாருக்கும் முன்னாடி போகுதும்மா, கால் வீட்டுலயே நிக்குது" என்றேன். மாடிக் கொடிக்கயிற்றில் ஒரு பழைய ரப்பர் செருப்பைத் தாடை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். கையை முழுதாக நீட்டினாலும் செருப்புக்கு ஒரு சாண் குறையும் இடத்தில் அவளை நிற்க வைத்து அடிக்கச் சொன்னேன்.

அப்போது மணி ஆறரை. அந்த நேரத்து வெயிலில் மாடியில் நிழல் நீளமாக விழும். நான் அவளைப் பார்க்கவில்லை, அவள் தலையின் நிழலைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு ஜாபுக்கும் முன்னால் அந்த நிழல் ஒரு முழம் பின்னால் போய்விட்டு அப்புறம் முன்னால் வந்தது. கபடியில் தொடப் போன பழக்கத்தில் அவள் பாரத்தை முன்காலில் ஏற்றியே வைத்திருந்தாள். பாரம் ஏறிய காலைத் தூக்க முடியாது. தூக்க வேண்டுமென்றால் உடம்பு முதலில் பின்னால் சாய்ந்தாக வேண்டும். அந்தச் சாய்வு எதிராளிக்குத் தந்தி அடித்தது மாதிரி. அவள் ஜாப் புறப்படும் முன்பே அவன் விலகிப் போயிருப்பான்.

சரிசெய்யும் விதம் இதுதான். ஸ்டான்ஸில் நில்லுங்கள். பக்கத்தில் ஒருவர் "முன்கால்" என்றோ "பின்கால்" என்றோ திடீரென்று சொல்ல வேண்டும். சொன்ன காலை, தலை ஆடாமல் ஓர் அங்குலம் தூக்கி வையுங்கள். நிழல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நகர்ந்தால் பாரம் ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறது. இதைத் தூக்குச் சோதனை என்று சொல்வோம், கீழேயும் இது வரும்.

தூக்குச் சோதனை சரியாக வந்ததும் செருப்புக்குத் திரும்புங்கள். பின்கால் முன்பாதத்தால் தரையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். அந்தத் தள்ளலில்தான் முன்கால் போக வேண்டும். முன்கால் தரையைத் தொடுவதும் கை செருப்பைத் தொடுவதும் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். 'டப்... டக்' என்று இரண்டாகக் கேட்டால் கால் ஒரு வேலை, கை ஒரு வேலை செய்கிறது. அடித்த மறுகணமே பின்கால் அதே ஒரு சாண் முன்னால் வந்துவிட வேண்டும். முன்கால் மட்டும் போய்ப் பின்கால் வராமல் இருந்தால் ஸ்டான்ஸ் அகன்று போகும். அடுத்த அடிக்கும் நீங்கள் இல்லை, தப்பி ஓடுவதற்கும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு மூன்று வாரம் ஆனது. அவள் கையின் நீளம் எவ்வளவு என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"பின்னால போனா கயிறுல மாட்டிக்கிறேன்"

இது கோளாறு என்பதைவிட ஒரு கணக்கு. போட்டி ரிங்கில் கயிற்றுக்கு உள்ளே ஒரு பக்கம் 6.1 மீட்டர், அதாவது 20 அடி. சரியாக நடுவில் நின்றாலும் உங்கள் முதுகுக்குப் பின்னால் 3 மீட்டர்தான் இருக்கிறது. ஒரு பின்னடி 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பத்தாவது அடியில் கயிறு. ஆட்டம் எப்போதும் நடுவிலேயே நடக்காது, ஆகவே நிஜத்தில் நாலைந்து காலடிதான் உங்கள் கையிருப்பு. மாடியில், மைதானத்தில், கடற்கரையில் பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடம்பில் ஏறுவதே இல்லை. பின்னால் எப்போதும் வெளி இருக்கிறது. ஆளோடு ஆள் மோதிப் பழகும் ஸ்பாரிங் அன்றுதான் முதல்முறையாகக் கயிறு முதுகில் இடிக்கும்.

கொடிக்கயிற்றை நான்கு பக்கமும் இடுப்பு உயரத்தில் கட்டி, இருக்கிற இடத்தில் ஒரு சதுரம் செய்யுங்கள். 12 அடி இருந்தால் போதும். சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது. விதி ஒன்றே: பின்னால் இரண்டு காலடிக்கு மேல் கிடையாது. வாய்விட்டு எண்ணுங்கள், "ஒண்ணு, ரெண்டு, வெளியே". 'வெளியே' என்னும்போது பக்கவாட்டில் ஓர் அடி வைத்து, முன்பாதத்தின் மேல் உடம்பைத் திருப்ப வேண்டும்.

எந்தப் பக்கம் வெளியேறுவது என்று கேட்பீர்கள். எதிராளி வலதுகைக்காரர் என்றால், நீங்கள் உங்கள் வலப்பக்கம் போகும்போது அவருடைய வலது கையிலிருந்து விலகி, பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் இடது ஹூக்குக்குள் போகிறீர்கள். இடப்பக்கம் போனால் ஹூக்கிலிருந்து விலகி வலது கைக்குள் போகிறீர்கள். இலவசமான பக்கம் என்று ஒன்று இல்லை. அவருடைய எந்தக் கை ஆபத்தானது என்று முதல் ரவுண்டிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். 1964-இல் அன்றைய ஹெவிவெயிட் உலக சாம்பியன் சானி லிஸ்டனின் இடது கையைப் பார்த்து உலகமே நடுங்கிக்கொண்டிருந்தபோது, 22 வயது முகமது அலி தன் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி அந்தக் கையை வேலையில்லாமல் ஆக்கினார்.

அலி பெயரைச் சொன்னதும் ஏதாவது ஒரு பையன் கேட்பான், "மாஸ்டர், அவரு ஃபோர்மேனைக் கயிறுல சாய்ஞ்சுதானே ஜெயிச்சாரு?" ஜெயித்தார். 1974, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரம், சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேனோடு, 8-வது ரவுண்டு. அது 15 ரவுண்டுக்கு ஒப்புக்கொண்ட ஆட்டம், எதிராளியைக் களைக்கவைக்க நேரம் இருந்தது. உங்களுக்கு 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு. கயிற்றில் சாய்ந்து நின்றால், அவன் களைப்பதற்குள் நடுவர்கள் புள்ளி போட்டு முடித்துவிடுவார்கள். அதே அலி 1980-இல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் இன்னொரு அமெரிக்க வீரர் ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடினார். வடசென்னைப் பெரியவர்களிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அவர் கால் எப்படி இருந்தது என்றுதான் முதலில் பேசுவார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்ற குத்துச்சண்டைப் பரம்பரைகளின் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த கண்கள் அவை. கையை அப்புறம்தான் பார்க்கும்.

"கால் பின்னிக்குது"

கை கட்டும் துணியைக் கணுக்கால் இரண்டிலும் கட்டி, நடுவில் தோள் அகலத்தைவிட ஒரு சாண் அதிகம் விடுங்கள். துணி தரையில் கிடந்து புரண்டால் கால்கள் நெருங்கிவிட்டன, விறைத்தால் அகன்றுவிட்டன. மெதுவாகவே செய்யுங்கள், வேகமாகச் செய்தால் விழுவீர்கள். ஒரு வாரத்தில் கட்டு இல்லாமலே கால் அந்த அகலத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்.

சிலம்பம் கற்றுவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. உங்கள் காலடி வரிசையில் ஒரு காலை இன்னொன்றின் குறுக்கே கொண்டுபோய்த் திரும்புவது உண்டு. அது தவறே இல்லை. கம்பின் தூரத்தில் நிற்கும்போது அதற்கு நேரம் இருக்கிறது. கை எட்டும் தூரத்தில் அந்த நேரம் இல்லை. குறுக்கே போன நொடியில் ஒரு லேசான ஜாப் பட்டாலும் தரையில் இருப்பீர்கள். கற்றதை மறக்க வேண்டாம், திரும்பும் லாவகம் பின்னால் உதவும்.

"அடிச்சதும் முன்னால விழுறேன்"

வலது ஸ்ட்ரெயிட்டில், அதாவது பின்னால் இருக்கும் வலது கையால் நேராக விடும் குத்தில், வருகிற நோய் இது. அடி போய்ச் சேரும் நேரத்தில் முன்முட்டி விரல்களைத் தாண்டிப் போயிருக்கும், பின்கால் விரல் நுனியில் மிதந்துகொண்டிருக்கும். பலம் வேண்டும் என்று உடம்பையே எறிந்துவிடுகிறார்கள். பலம் பின்பாதம் திரும்புவதில் இருக்கிறது: குதிகால் வெளியே போக, இடுப்பு அதோடு சுழல, கடைசியில் கை. அடித்தபடியே உறைந்து நில்லுங்கள், அங்கேயே தூக்குச் சோதனை. முன்காலைத் தூக்க முடியவில்லை என்றால் அடி அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. பாதி பலத்தில், பத்து அடிக்குப் பத்தும் தூக்க வரும்வரை அடியுங்கள். அதுவரை பேக் பக்கம், தொங்கவிட்டுக் குத்திப் பழகும் மூட்டை பக்கம், போகாதீர்கள். பேக் உங்களைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும், கோளாறு வெளியே தெரியாது.

"ரெண்டாவது ரவுண்டுல கால் கல்லாயிடுது"

மூச்சுப் பயிற்சி போதவில்லை என்று எல்லாரும் இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடப் போகிறார்கள். ஓடுங்கள், நல்லதுதான். ஆனால் முதலில் நீங்கள் குதிக்கிறீர்களா என்று பாருங்கள். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது என்று 3 நிமிடமும் துள்ளிக்கொண்டே இருப்பவர்களின் கெண்டைக்கால்தான் முதலில் செத்துப்போகும். துள்ளலுக்கு ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தை எதிராளி பிடித்துவிட்டால், உங்கள் இரண்டு காலும் காற்றில் இருக்கும் நேரம் பார்த்து அடிப்பான். காற்றில் இருப்பவரால் எங்கேயும் போக முடியாது.

கை எட்டாத தூரத்தில் இருக்கும்போது குதிகாலை இறக்கி ஓய்வு கொடுங்கள், அது குற்றமில்லை. முட்டியை மட்டும் விறைக்க விடாதீர்கள். எட்டும் தூரத்துக்குள் போகும்போது குதிகால் எழும்பினால் போதும்.

ஸ்கிப்பிங்கிலும் இதே கதைதான். கயிறு பாதத்துக்கு அடியில் நுழையும் அளவு எழும்பினால் போதும், இரண்டு மூன்று சென்டிமீட்டர். கீழ்வீட்டு அம்மா "யாருப்பா அது மேல?" என்று கேட்டால் நீங்கள் தேவைக்கு மேல் குதிக்கிறீர்கள்.

சித்திரை, வைகாசியில் இன்னொரு காரணமும் சேரும். நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை காயாது, வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு குளிராது. பயிற்சிக்கு முன்பே தண்ணீர் குடித்திருக்க வேண்டும். முடிந்தபின் உப்புப் போட்ட நீர்மோர். தலை சுற்றினாலோ வியர்வை சட்டென்று நின்றுபோனாலோ அன்றைக்கு அவ்வளவுதான், நிழலுக்குப் போய்த் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதில் வீரம் காட்டாதீர்கள்.

"பேக்குல நல்லா வருது, ஸ்பாரிங்ல ஒண்ணும் வரல"

பேக் உங்களை நோக்கி வராது, உங்களிடமிருந்து போகாது. அதன் முன்னால் கற்ற காலடி, மனப்பாடம் செய்த திருக்குறள் போல. கேள்வியை மாற்றிக் கேட்டால் நின்றுவிடும்.

கிளவுஸ் இல்லாமல் ஒரு விளையாட்டு விளையாடுங்கள். இருவர் ஸ்டான்ஸில் நின்று, ஒருவர் தோளை ஒருவர் திறந்த கையால் தொட வேண்டும். கையால் தடுக்கக் கூடாது, காலால்தான் தப்ப வேண்டும். 2 நிமிடம், பிறகு ஆள் மாற்றம். அடி விழும் பயம் இல்லாததால் கால் யோசிக்கத் தொடங்கும். இந்த விளையாட்டில் தரையைப் பார்ப்பவர் உடனே தோற்பார். பார்வை எதிராளியின் நெஞ்சில் இருக்கட்டும், அங்கே பார்த்தால் அவர் தோளும் காலும் ஓரக்கண்ணில் தானே தெரியும்.

அடுத்தது தாளம். இதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். உக்ரைனின் குத்துச்சண்டை வீரர் லோமசென்கோ 2008, 2012 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர். சிறுவனாக இருந்தபோது அவர் அப்பா பயிற்சியை நிறுத்திவைத்து, அவர்கள் ஊர் மரபு நடனத்தைக் கற்கச் சொன்னார். நமக்கு நடனத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. எங்கள் தெருவில் பறை அடித்தால் மூன்று வயதுக் குழந்தைக்கும் கால் நிற்காது. நான் போனில் ஒரு பறை அடியை ஓடவிட்டு, முதல் நிமிடம் ஒவ்வொரு அடிக்கும் ஒரு காலடி வைக்கச் சொல்வேன். இரண்டாம் நிமிடம் ஒன்று விட்டு ஒன்று. மூன்றாம் நிமிடம் தாளத்துக்கு நடுவில், விழாத அடியில், நகர வேண்டும். அந்த மூன்றாவது நிமிடம்தான் ஸ்பாரிங். எதிராளி எதிர்பார்க்கும் நேரத்தில் நகராமல், அதற்கு அரை நொடி முன்னோ பின்னோ நகர்வதைக் கால் அங்கேதான் கற்கிறது. தோளை இறுக்கிக்கொண்டு வரும் பையன்கள் பறைச் சத்தம் கேட்டதும் தளர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

"லெஃப்ட் ஹேண்டர் வந்தா கால் இடிக்குது"

இடிக்கத்தான் செய்யும், இருவரின் முன்காலும் எதிரெதிரே வருகிறது. நீங்கள் வலதுகைக்காரர் என்றால் உங்கள் இடது பாதத்தை அவருடைய வலது பாதத்துக்கு வெளிப்புறமாக வையுங்கள். அங்கிருந்து உங்கள் வலது கைக்கு நேர்வழி கிடைக்கிறது, அவருடைய இடது கை தூரப் போகிறது. அவரும் இதையேதான் தேடுவார். ஆகவே இது கால்களுக்குள் நடக்கும் இடப் போட்டி. அவர் பாதத்தை மிதிக்காதீர்கள், நடுவர் எச்சரிப்பார்.

"முட்டி வலிக்குது, கெண்டைக்கால் வலிக்குது"

முட்டிவலிக்கு நானே சாட்சி. தடித்த ரப்பர் அடிப்பாகம் உள்ள ஓட்டப் பயிற்சி ஷூ போட்டுக்கொண்டு, சிமென்ட் மாடியில், குதிகாலைத் தரையில் ஊன்றியபடியே இரண்டு மாதம் திரும்பித் திரும்பி அடித்தேன். ஷூ தரையைப் பிடித்துக்கொள்ளும், இடுப்பு திரும்பும், நடுவில் இருக்கிற முட்டி அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளும். இடது முட்டியின் உள்பக்கம் வலி பிடித்து, படி இறங்க முடியாமல் ஆறு வாரம் கிடந்தேன். திரும்புவதற்கு முன் குதிகால் எழும்ப வேண்டும், பாதமும் முட்டியும் ஒரே திசையைப் பார்த்தபடி ஒன்றாகச் சுழல வேண்டும். மெல்லிய, தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ போதும். கோலமாவில் திரும்பிய இடத்தில் ஒரு நாணயம் அளவு வட்டக் கலைசல் தெரிந்தால் சரியாகத் திரும்பியிருக்கிறீர்கள்.

பயிற்சி ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் கெண்டைக்கால் சதை வலிப்பது இயல்பு. காலின் முன்னெலும்பை விரலால் அழுத்தும்போது வலித்தால் அது வேறு: சிமென்டில் ஸ்கிப்பிங் அதிகமாகிவிட்டது. கயிற்றை ஓரமாக வைத்துவிட்டு, வலி போகும்வரை மெதுவான காலடி மட்டும். எலும்பில் ஒரே புள்ளியில் வலி நின்றாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மெரினா மணலில் பயிற்சி செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஓட்டத்துக்குச் சரி, ஆனால் அலையோரத்து ஈரமணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் போன தூரம் திரும்பியும் ஓட வேண்டும். இல்லையென்றால் ஒரே காலில் பாரம் ஏறும். உலர்மணலில் காலடி பழகாதீர்கள், தள்ளும் கால் புதைந்துபோய், தரையைத் தள்ளுவது எப்படி என்பதே மறந்துவிடும்.

எதுவும் பொருந்தவில்லை என்றால்

போனை ஒரு செங்கல்லில் சாய்த்து, முட்டி உயரத்தில், பக்கவாட்டிலிருந்து ஒரு ரவுண்டு ஷேடோவை, அதாவது எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவதை, படம் பிடியுங்கள். வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு, ஒவ்வொரு அடிக்கும் தலை முதலில் நகர்கிறதா பாதம் முதலில் நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள். தலை முந்துகிற முதல் இடத்தில் நிறுத்தி, அதற்கு முந்தைய நொடியில் எந்தக் காலில் நிற்கிறீர்கள் என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அந்தக் காலிலிருந்து தூக்குச் சோதனையை ஆரம்பியுங்கள்.